ஏரி வாரியம் இல்லாத உத்திரமேரூர்

2020 டிசம்பர் 10 அன்று புது தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அங்கே பேசிய பிரதமர், நம் மண்ணின் பழைய மக்களாட்சிக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். அதே வாரம் உத்திரமேரூரிலேயே வேறொரு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் குழம்பேசுவரர் கோயிலைத் திருப்பணிக்கென்று ஊரார் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவறைப் படிக்கட்டுக் கற்களைப் பெயர்த்தபோது அடியில் தங்கம் கிடைத்தது. எடை 565 கிராம். அதை ஒப்படைப்பது பற்றி ஊராருக்கும் அதிகாரிகளுக்கும் வாக்குவாதம் மூண்டது. கடைசியில் தங்கம் அரசு வசம் போனது. நாடு முழுக்கச் செய்தியானது அந்தத் தங்கம்தான். பிரிக்கப்பட்ட கற்களுக்கு எண் இடப்பட்டதா, சுவரின் அளவுகள் குறிக்கப்பட்டனவா என்ற கேள்விகளுக்குத் தலைப்புச் செய்தியில் இடம் இருக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் உத்திரமேரூரை நாம் எப்படிப் போற்றுகிறோம் என்பது விளங்கிவிடும். கல்வெட்டு உள்ள ஒரு சுவரைப் பாடப்புத்தகத்தில் ஏற்றிவிட்டோம். அந்தச் சுவரைச் சுற்றியிருக்கும் ஊர், ஏரி, கால்வாய், குன்று எல்லாவற்றையும் வெறும் இடமாகப் பார்க்கிறோம். இப்படியே போனால் சுற்றுப்புறம் முதலில் போகும். சுவரும் பின்னாலேயே போகும். அது எப்படி நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. தெரிந்த விவரங்களே போதும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள அவை இரண்டும் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊரின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. குடும்புகள் எனப்பட்ட 30 ஊர்ப்பிரிவுகள், பெயர் எழுதிய ஓலை, குடம், ஓலையை எடுக்கும் சிறுவன் ஆகிய எல்லாம் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்குக் குறையாமலும் 70-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரோ அவருடைய நெருங்கிய உறவினர் பெயரோ குடத்தில் விழக் கூடாது. இவற்றையும் பலர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கே இடம் இருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்களுக்கோ பெண்களுக்கோ இடம் இல்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச வேண்டியதில்லை.

ஆனால் மேடையில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கு அதே கல்வெட்டில் இருக்கிறது. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியத்துக்குப் போனார்கள். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். அதாவது 30-இல் 18 பேருடைய வேலை மண்ணும் நீரும் மரமும்தான். ஆண்டு வாரியத்துக்கு யாரை எடுப்பது என்பதிலும் ஒரு விதி இருந்தது: முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாக இருக்க வேண்டும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களாக இருக்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இல்லாமல் ஊரின் மேல்மட்டப் பொறுப்புக்கு வர முடியாது. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் கொண்டாடுகிற நாம், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டோம்.

அந்த ஏரி இன்றும் ஊரை ஒட்டி இருக்கிறது. கல்வெட்டுகளில் அதன் பெயர் வைரமேகத் தடாகம். வைரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர். அவன் 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டவன். அவன் தந்தை இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், சுமார் 750-ஐ ஒட்டி, சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணர் ஊராக, இது அமைந்தது. ஊர் உருவாகி இரண்டு தலைமுறைக்குள் ஏரிக்கும் கல்வெட்டுக்கும் உறவு தொடங்கிவிட்டது. ஏரியைத் தூர்வாருவதற்குப் பொன் வைத்து, அந்த முதலின் வருவாயில் வேலையை நடத்தச் சபை ஒப்புக்கொண்டதைப் பல்லவர் காலக் கல்வெட்டுகளே சொல்கின்றன. கோயிலில் விளக்கெரிக்கப் பொன் வைப்பதும் ஏரியில் தூரெடுக்கப் பொன் வைப்பதும் ஒரே வகை அறமாக எண்ணப்பட்ட காலம் அது.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். நிலத்தைக் குறிக்கும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் எந்த வதிக்குக் கிழக்கு, எந்த வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாம் கண்ணாறு, எத்தனையாம் சதிரம் என்று சொல்லிக்கொண்டே போகும். வதி என்பது வடக்கு தெற்காகப் போகும் பாதை. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். வாய்க்காலில் பிரிவது கண்ணாறு. இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம்தான் சதிரம். ஒருவருடைய வயலின் முகவரியே நீர் வரும் வழியால் ஆனது. நிலத்தின் சரிவை அளந்து, நீர் தானாக இறங்கும் திசையைப் பார்த்து, அதன்மேல் தெருவையும் கோயிலையும் வைத்திருக்கிறார்கள். சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று தளங்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று நிலைகளில் பெருமாள். சமதரையில், நெல் வயல்களுக்கு நடுவே, செயற்கையாக எழுப்பிய ஒரு குன்றாகவே அந்த விமானம் தெரியும். வைகானச ஆகமத்தின் மரீசி சம்ஹிதை சொல்லும் இலக்கணத்துக்கும் இந்த விமானத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஆய்வாளர்கள் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகம இலக்கணம் கோயிலோடு நின்றுவிடவில்லை. ஊரும் நீரும் அதே வரைவின் பகுதிகள்.

இது உத்திரமேரூருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. தொண்டைமண்டலத்தில் பல்லவர் கலையைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் ஏரிக்கரையில்தான் போய் நிற்பார். மகேந்திரவாடியில் தனியாகக் கிடந்த ஒரு பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் கோயில் செய்தான். மகேந்திர தடாகத்தின் கரையில் மகேந்திர விஷ்ணுகிருகம் என்று அங்குள்ள கல்வெட்டே கோயிலையும் ஏரியையும் ஒன்றாகச் சொல்கிறது. மாமண்டூர்க் குடைவரைகள் இருக்கும் குன்றை ஒட்டி இருப்பது சித்திரமேகத் தடாகம். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் கற்றளி எடுத்தான். கூடவே பரமேசுவர தடாகம் வெட்டினான். அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகுக் கால்வாயைக் கொண்டுவந்தான். மூன்றையும் ஒரே செப்பேட்டில் பதிவு செய்தான். மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தில் சிற்பிகள் எதைச் சுற்றி அந்த உருவக் கூட்டத்தைச் செதுக்கினார்கள்? பாறையில் இயற்கையாக விழுந்திருந்த ஒரு வெடிப்பைச் சுற்றி. அந்த வெடிப்பில் நாகர்களைச் செதுக்கி, மேலே நீர் தேக்கும் தொட்டி அமைத்த தடயம் இருக்கிறது. மழை நீர் வழிந்தால் சிற்பம் முழுமையாகும். இயற்கை பின்னணியாக இல்லை; அதுவே பாதிச் சிற்பம்.

இந்த நிலத்துக்கு ஏன் இப்படி ஒரு கட்டுமான மரபு வந்தது என்பதற்கும் காரணம் தெளிவு. காஞ்சிபுரம் வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பல இடங்களில் அடியில் கடும்பாறை; அதில் நீர் அதிகம் தங்காது. நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. பாலாறும் செய்யாறும் ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும். இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் மழையை மண்ணின் மேலேயே தேக்கினால்தான் பயிர். ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை, ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குப் போகும்படி தொடர் ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையிடம் மட்டும் 381 ஏரிகள். ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சிற்றேரிகள், குட்டைகள், தாங்கல்கள் வேறு.

உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கு, தன் நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழை தவிர, செய்யாற்றில் அனுமந்தண்டலம் தடுப்பணையிலிருந்து கால்வாயில் நீர் வர வேண்டும். ஏரி என்றால் நமக்குக் கண்ணில் படுவது கரையும் நீர்ப்பரப்பும்தான். ஏரியின் உயிர் இருப்பது மூன்று மட்டங்களில். முதலாவது, வரத்துக் கால்வாயின் மட்டம். அது மேடிட்டால் ஆற்றில் வெள்ளம் போனாலும் ஏரிக்கு நீர் ஏறாது. இரண்டாவது, மதகின் அடிமட்டம். அதற்கு மேலே நிற்கும் நீர்தான் வயலுக்குப் பாயும். மூன்றாவது, கலங்கலின் மட்டம். நீர் அதைத் தொட்டதும் மிச்சம் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். பருவமழை முடியும் நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஓரடி, இரண்டடி நீர் நிற்கும். மழை வலுக்கும் நாட்களில் திறந்துவிட வேண்டும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பதைக் கல் தானாகச் செய்யாது. அதற்குக் கரையில் ஆள் வேண்டும், ஆளுக்கு மேலே பொறுப்பேற்கும் வாரியம் வேண்டும். இந்தக் கட்டுமானத்தில் மனிதரும் ஒரு பாகம்.

இனி எச்சரிக்கைக்கு வருகிறேன்.

முதலில் மண். தூர்வாருகிறோம் என்ற பெயரில் ஏரியில் சவுடு எடுக்க ஏலமும் அனுமதியும் தரப்படுவது இந்த மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. தூர்வாருதல் என்றால் பரப்பு முழுவதும் படிந்த வண்டலை ஒரே சீராக எடுத்து வயலுக்கோ கரைக்கோ சேர்ப்பது. லாரிக்காகச் சவுடு எடுப்பவர் அப்படி எடுக்க மாட்டார். நல்ல மண் கிடைக்கும் இடத்தில் பொக்லைனை இறக்கி ஆழமாகத் தோண்டுவார். அந்தப் பள்ளம் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அதில் நிற்கும் நீர் ஒரு போகத்துக்கும் உதவாது. ஏரி நிறைந்திருப்பதாகக் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தோன்றும். மதகில் நீர் வராது. அதைவிட ஆபத்து, கரையின் உட்புற அடியை ஒட்டித் தோண்டுவது. மண்கரையின் பலமே அதன் அகன்ற அடிதான். அதைக் குடைந்துவிட்டால் நீரழுத்தம் கசிவாகத் தொடங்கும், கசிவு ஊற்றாகும், ஊற்று ஓர் இரவில் உடைப்பாகும். 1790-களில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியின் உடைப்பைச் சரிசெய்யப் பட்ட பாடும், மழையிரவில் ராமலட்சுமணர் கரையில் நின்று காத்ததாகச் சொல்லப்படும் ஏரிகாத்த ராமர் கதையும் இந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்தவை. ஏரிக்கரை உடைவதைப் பற்றிய பயம் எவ்வளவு ஆழமாக இருந்திருந்தால் ஒரு தெய்வத்துக்கே அந்தப் பெயர் வந்திருக்கும்!

அடுத்தது குன்று. உத்திரமேரூருக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் திருமுக்கூடல், பழவேரி, மதூர், சிறுதாமூர் என்று ஊருக்கு ஊர் கல் குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன. ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு எம்-சாண்டுக்கு வந்த கிராக்கி எல்லாரும் அறிந்ததே. சென்னையும் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் எழும்பும் வேகத்துக்கு இங்கிருந்து டிப்பர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தில் 1068-இல் அங்கே வெட்டிய கல்வெட்டு, 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததைச் சொல்கிறது. மூன்று ஆறு கூடும் இடம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கோயில் மனை அது. பல்லவரும் சோழரும் இதே வட்டாரப் பாறையை வெட்டினார்கள் என்று குவாரிக்காரர் சொல்லலாம். வெட்டினார்கள், உளியால் குழி போட்டுப் பிளந்து, வேண்டிய கல்லை மட்டும் எடுத்தார்கள். குன்று குன்றாகவே நின்றது. இன்று குன்று இருந்த இடத்தில் பல பனை ஆழத்துக்குப் பள்ளம் விழுகிறது. குன்றின் சரிவில் விழுந்த மழைதான் அடிவாரத்துத் தாங்கலுக்கும் ஏரிக்கும் வரத்து. சரிவு பள்ளமாகிவிட்டால் அந்த மழை பள்ளத்திலேயே நின்றுவிடும். அத்தோடு சுற்றியுள்ள கிணற்று நீரும் அதை நோக்கிக் கசியும். ஒரு குவாரி அனுமதியில் எத்தனை கன மீட்டர் கல் என்ற கணக்கு இருக்கும். எந்த ஏரியின் வரத்து எவ்வளவு குறையும் என்ற கணக்கும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மனைப்பிரிவு. நஞ்சையை மேடாக்கிக் கல் நட்டு விற்கும்போது முதலில் காணாமல் போவது கண்ணாறு. தனியொருவருக்குச் சொந்தமில்லாத, இரண்டடி அகலமுள்ள அந்த வாய்க்காலை மூடுவதற்கு எதிர்ப்பே வராது. ஒரு மனைக்காரர் மூடினால் அதற்குக் கீழே உள்ள அத்தனை வயலுக்கும் பாசனம் போகும். மழைக்காலத்தில் அதே நீர் வழி தெரியாமல் தெருவுக்குள் வரும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே உள்ள ஊர்கள் பட்டதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. ஏரியின் எல்லைக்குள் வீடு கட்டினால் அந்தச் சட்டம் பாயும். வரத்துக் கால்வாயும் கண்ணாறும் துண்டு துண்டாகச் செத்துப்போவதை அது தடுத்துவிடவில்லை என்பதை எந்தப் புது மனைப்பிரிவின் ஓரத்தில் நின்று பார்த்தாலும் காணலாம்.

இவற்றுக்கும் கோயில் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர். நல்ல சட்டம்தான். ஆனால் கல் கட்டடத்தை அழிப்பவை பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வருகின்றன. தெருவில் தார் மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போனால், ஒரு காலத்தில் தெருவைவிட உயரமாக நின்ற கோயில் தரை பள்ளமாகிவிடும். மழை நீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே அறிவுறுத்தியும், ஊர்ப்பக்கத்துத் தெருக்களில் வீட்டு வாசல்படிகள் புதைந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறோம். அடித்தளத்தில் தேங்கும் நீர் கல் இடுக்கு வழியாக மேலேறும். அதனோடு உப்பும் ஏறும். கோடையில் நீர் காய்ந்து உப்பு மட்டும் கல்லின் தோலுக்குள் படிகமாகும். படிகம் விரியும்போது தோல் பொரிந்து உதிரும். எழுத்து வெட்டியிருப்பது அந்தத் தோலில்தான். ஒரு கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர். கல் ஆயிரம் ஆண்டு நிற்கலாம். அதன் மேல் உள்ள அந்தச் சில மில்லிமீட்டர் போய்விட்டால் 919-உம் இல்லை, 921-உம் இல்லை.

இதைப் பழைய சிற்பிகள் அறிந்தே வேலை செய்தார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிற்பங்கள் மென்மையான மணற்கல்லில், அடிவரிசைகளில் கருங்கல். பாரத்தையும் ஈரத்தையும் தாங்க வேண்டிய இடத்தில் கடினக் கல், நுணுக்கம் வேண்டிய இடத்தில் மென்கல். கல்லுக்கும் தரைக்கும் மழைக்கும் உள்ள உறவைத் தெரிந்து செய்த தேர்வு அது. பிற்காலத்தில் அங்கே மணற்கல்லின் மேல் பூசிய பூச்சுகளும் சிமெண்ட் ஒட்டுகளும் கல்லைக் காப்பதற்குப் பதிலாகச் சிதைவைக் கூட்டின. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சிமெண்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள பழைய கல்லைத்தான் உடைக்கும்.

ஆனால் இன்று கிராமத்துத் திருப்பணி என்றாலே கான்கிரீட் தளம், வழுக்கும் டைல்ஸ், எனாமல் பெயிண்ட், மணல் வீச்சுச் சுத்தம், உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை. மக்கள் பக்தியோடு, கைக்காசைப் போட்டுச் செய்கிறார்கள். அந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை, அவர்களுக்கு வழி சொல்ல ஒரு ஸ்தபதியும் ஒரு தொல்லியல் அறிஞரும் சரியான நேரத்தில் அந்த ஊருக்குப் போகாமல் இருப்பதில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிரச்சினையைத் தானாக எடுத்து விசாரித்தது. யுனெஸ்கோ குழு 2017-இல் தந்த அறிக்கை, தகுதியில்லாத ஆட்களையும் தகாத முறைகளையும் கொண்டு கோயில்கள் புதுப்பிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. 2021 ஜூன் 7 அன்று நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களோடு தீர்ப்பளித்தது. குழம்பேசுவரர் கோயில் பிரிக்கப்பட்டது அறிக்கை வந்து மூன்று ஆண்டு கழித்து, தீர்ப்புக்கு ஆறு மாதம் முன்பு. அறிக்கையில் இருந்த அறிவு அந்த ஊருக்கு வந்து சேரவில்லை.

நீரைப் பற்றிய அக்கறை கட்டடக் காப்பின் பகுதி என்பதை வேறொரு நாடு கற்றுக்கொண்டுவிட்டது. கம்போடியாவின் அங்கோரில் கோயில்கள் பெரும்பாலும் மணல் நிரப்பிய அடித்தளத்தில் நிற்கின்றன. நிலத்தடி நீர் மட்டம் நிலையாக இருந்தால்தான் அந்த மணல் பாரம் தாங்கும். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே கடும் மழையும் வந்து அங்குள்ள நீர்க்கட்டுமானம் சிதைந்ததை மரவளைய ஆய்வுகள் காட்டின. இந்த நூற்றாண்டில் சியெம் ரீப் நகரின் ஓட்டல்கள் ஆழ்துளைக் கிணறுகளில் நீரை உறிஞ்சத் தொடங்கியபோது, கோயில்கள் இறங்கிவிடுமோ என்ற அச்சம் வந்தது. ஏழாம் ஜெயவர்மன் வெட்டிய, பல நூற்றாண்டாக வறண்டு கிடந்த ஜெயதடாகம் என்ற வடக்கு ஏரியில் மறுபடி நீர் நிரப்பினார்கள். கோயில்களைக் காக்க ஏரியைச் செப்பனிட்டார்கள். உத்திரமேரூரில் களிமண் கலந்த தரையில், ஏரி நிறையாத ஆண்டுகளில், சுற்றிலும் போர்வெல் மேல் போர்வெல் போட்டு நீர் எடுக்கிறோம். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அப்படி உப்பியும் சுருங்கியும் கொண்டிருக்கும் தரையில் எந்தப் பழங்கட்டடமும் நெடுநாள் நேராக நிற்காது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடபகுதியில் இன்னும் பெரிய சோதனை காத்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது. 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அதில் நாலில் ஒரு பங்கு ஏரி, குளம், கால்வாய். ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்தப் பகுதி வழியாகத்தான் போகிறது. அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து எதிர்த்துவருகிறார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். தொடர் ஏரிகளின் நடுவே ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, ஓடுதளத்துக்கு அடியில் குழாய் வைத்து நீரைத் திருப்பிவிடலாம் என்று எண்ணுவது இந்த நிலத்தைப் படிக்காதவர் எண்ணம். மூன்று மாத மழையைச் சில நாட்களில் வாங்கி, தேக்கி, கீழே அனுப்பும் வேலையைக் குழாய் செய்யாது.

ஏரிகளை ஊராரைக் கொண்டே செப்பனிடும் குடிமராமத்துத் திட்டத்தை 2017-இல் அரசு மறுபடி தொடங்கியபோது, அதற்கான விழா இந்த மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் நடந்தது. பெயர் பழையது, நோக்கமும் நல்லது. ஆனால் ஒப்பந்தம், மதிப்பீடு, ஓராண்டு வேலை, பில் என்று முடிந்துபோகும் திட்டத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வாரியத்துக்கு ஆட்கள் ஆண்டுதோறும் மாறினார்கள், பொறுப்பு மாறவில்லை. கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியவில்லை. பாசன விவசாயிகள் சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தச் சங்கங்களுக்கு மதகின் சாவியும், மண் எடுக்கும் அனுமதியில் மறுப்பு சொல்லும் உரிமையும், வரத்துக் கால்வாயை ஆண்டுக்கொரு முறை நடந்து பார்த்து எழுதி வைக்கும் கடமையும் சேர்ந்தால், பராந்தகன் காலத்து வாரியத்தைவிட நல்ல வாரியம் நமக்குக் கிடைக்கும். ஏனென்றால் இந்த முறை மண் சுமந்தவரும் பெண்களும் அதில் இருப்பார்கள்.

உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று இந்த ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும் என்பது இப்போது அரசாணை. அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் நான்கு விவரங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்: உங்கள் ஏரியின் எல்லை எந்தச் சர்வே எண் வரை, வரத்துக் கால்வாய் எந்தெந்தச் சர்வே எண்கள் வழியாக வருகிறது, கலங்கலும் மதகும் எந்த மட்டத்தில் இருக்கின்றன, இந்த ஆண்டு மண்ணோ கல்லோ எடுக்க யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஊர்க் கோயிலில் திருப்பணி பேச்சு நடந்தால் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன் தொல்லியல் துறைக்குக் கடிதம் போயிருக்கிறதா? கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் வந்த பிறகுதான் அதற்கு ஒருவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.